கால் ரன்னுக்கு ஆறு முந்திரி குறைவு

பதினோரு பருவம். நூற்று முப்பத்தோரு இன்னிங்ஸ்.
பதினான்கு முறை கடைசிவரை நின்று
மட்டையைக் கக்கத்தில் இடுக்கித் திரும்பியிருக்கிறான்.
மற்ற நூற்றுப் பதினேழிலும்
யாரோ ஒருவன் அவனை அனுப்பிவைத்திருக்கிறான்.
ரன் 2738.
வகுத்தால் 23.40.

காரைக்குடி வட்டார லீக்கில்
இந்தப் பதினோரு வருடம் மட்டை பிடித்த அத்தனை பேரையும்,
ஒரே ஆட்டத்தோடு சிங்கப்பூர் போனவனையும்
கண்ணாடி மறந்து வந்தவனையும் சேர்த்து வகுத்தால்
23.17.

வித்தியாசத்தை முதலாளி சாத்தப்பனிடம் சொன்னேன்.
அவருக்குத் தசமம் ஆகாது.
“கால் ரன்னுக்கு ஆறு முந்திரி குறைச்சல்” என்றார்,
“இதுக்காடி ஞாயித்துக்கிழமையெல்லாம் வெயில்ல உக்காந்தே?”

வார நாளில் டீசல் பம்புக் கடையில் பற்று வரவு எழுதுகிறேன்.
ஞாயிறு ஸ்கோர் நோட்டு.
சேவுகன் ஆடுவதை நிறுத்தியபின்தான்
அவன் பக்கங்களை மட்டும் தனியே கூட்டிப் பார்த்தேன்.
முழங்கால் போய்விட்டது அவனுக்கு.

கோட்டையூர்க் கண்மாய்க்குள் ஒரு மைதானம் உண்டு.
செம்மண்ணில் ஆணியடித்த கயிற்றுப் பாய்,
சுற்றிக் கருவை.
நல்ல அடி போய்ப் பாதியில் நிற்கும், மாடு மாதிரி.
அங்கே லீக் சராசரி 16.8.
மற்ற ஊர்ப் புல்தரையில் 26.1.
சேவுகனுக்குக் கண்மாய்க்குள் 22.5,
வெளியே 24.8.

மேலேறிக் கீழிறங்குவது தரைதான்.
இவன் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறான்.

அன்றிரவு ஒரு சராசரி ஆளைக் கற்பனை செய்தேன்.
மூக்கு முழி கிடையாது.
கண்மாயில் எழுபத்தொரு தடவை, வெளியே நாற்பத்தாறு தடவை
அவனை அவுட்டாக்கிப் பார்த்தேன்.
2393 எடுத்தான்.
சேவுகன் கையில் மிச்சம் 345.
மூன்று தடவை கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் கழனிவாசலில் பிடித்தேன்,
கேஸ் வண்டிப் பக்கம், தோளில் சிலிண்டரோடு.
முழுவதும் கேட்டான். சிலிண்டரை இறக்கவில்லை.
“முந்நூத்தி நாப்பத்தஞ்சா.
அதை யாரு தருவா, கணக்கக்கா?”
இரண்டு படி ஏறினான். நின்றான்.
“புதுவயல் மேட்ச்ல ஒரு லெக் பை போட்டீங்கல்ல.
மட்டைல பட்டுச்சு அது.”

பட்டது.
எனக்கும் கேட்டது, தார்ப்பாய் நிழல் வரைக்கும்.
அம்பயர் முழங்காலைத் தட்டினார்,
நான் உதிரிக் கட்டத்தில் ஒன்று போட்டேன்.
அவன் மறுபடி மட்டை பிடித்த முதல் பந்திலேயே
நடுக் குச்சி சாய்ந்தது. பூச்சியம்.

“அன்னைக்கு ஒரு நாள்தான் என் பொண்ணு பாக்க வந்துச்சு.
வீட்ல இன்னும் எம்பேரு முட்டை.”

எழுதினதை அழிப்பது கணக்கில் குற்றம்.
திருத்தப் பதிவு போடலாம், தனி வரியாக,
தேதியும் காரணமும் கையெழுத்தும் வைத்து.
போட்டேன்.
உதிரியில் ஒன்று கழிவு, சேவுகன் பேரில் ஒன்று வரவு.
ஒன்பது முட்டை எட்டானது.
அணி மொத்தம் அப்படியேதான் இருக்கிறது, புதுவயல்காரர்கள் சண்டைக்கு வர வழியில்லை.
அவன் சராசரி மூன்று முந்திரிகூட ஏறவில்லை.
லீக் சராசரியும் ஏறியிருக்கும்,
என் கால்குலேட்டருக்குத்தான் அது தெரியவில்லை.

நகலெடுத்துக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
“சீல் இல்லியே. அவ நம்ப மாட்டா.”

கடையில் இருப்பது ஒரே ஒரு சீல்.
“டீசல் பம்பு, நாசில், உதிரி பாகங்கள்.”
ஊதாவாக, அந்த ஒன்றின்மேல் படாமல்
ஓரமாகக் குத்தினேன்.