மாலை நேர உயரம்

சுண்டுவிரல் நுனியிலிருந்து கட்டைவிரல் நுனிவரை
பதினெட்டரை.
கை உயர்த்தி நின்றால் இருநூற்றுப் பதினொன்று.
சுவரில் குதிகால் ஒட்ட நின்றால்
நூற்று அறுபத்து மூன்று புள்ளி இரண்டு.
வரம்பு நூற்று அறுபத்து நான்கு.
பெயர் துளசிமணி, மாரமங்கலம், ஏற்காடு.
காபித் தோட்டத்துச் சேறு காயாத செருப்பை
கோட்டுக்கு வெளியே
ஜோடி பிரியாமல் கழற்றி வைத்திருந்தாள்.

வார நாட்களில் நான் உருக்காலையில் தகடு அளப்பவன்.
மைக்ரோமீட்டர் சொன்னால் சொன்னதுதான்.
அரை மில்லிமீட்டர் என்று லாரி ஏறியது
ஆம்பூர் தாண்டியும் அரை மில்லிமீட்டர்தான்.
அந்த நம்பிக்கையில் என்னை அழைத்தார்கள்,
ஞாயிற்றுக்கிழமை வாலிபால் தேர்வுக்கு
டேப் பிடிக்க.

பன்னிரண்டு வருடப் பதிவேடு என்னிடம் இருக்கிறது,
பீரோவின் கீழ்த்தட்டில், கேஸ் ரசீதுகளுக்கு அடியில்.
போன ஐப்பசியில் கரண்ட் போன ஒரு ராத்திரி
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பென்சிலால் எழுதினேன்,
யார் என்ன ஆனாள் என்று.

விரல் விரிப்பு இருபத்தொன்று, ஷர்மிளா பானு:
இரண்டாம் வருடமே முழங்கால் போயிற்று.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறாள்,
அத்தனை பெரிய கைக்கு அவ்வளவு பொடி வேலை.
எல்லாரையும்விட உயரம் பவதாரணி.
பந்து வருமுன் கண்ணை மூடிக்கொள்வாள்.
அதைக் குறிக்க எங்கள் தாளில் பத்தி இல்லை.
ரயில்வே அணிக்குப் போன எஸ்தர் ராணி
எல்லா அளவிலும் நடுவே எங்கோ.
எண்ணையும் ஆட்டத்தையும் சேர்த்து
ஒரு கோடு இழுக்கப் பார்த்தேன்.
ஐந்து ரோட்டுச் சந்திப்பில் சிக்னல் அணைந்த மாதிரி
புள்ளிகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்தன.

விடியும் நேரத்தில்தான் உறைத்தது.
பேருக்குக் குறுக்கே கோடடித்து அனுப்பியவர்கள்
அந்தக் கணக்கிலேயே இல்லை.
நூற்று அறுபத்து நான்குக்குக் கீழே
ஒரு செட்டரும் ஜெயித்ததில்லை என்று
கோச் ஆரோக்கியசெல்வம் மைக்கில் சொல்வார்.
உண்மைதான்.
ஒருத்தியையும் நாங்கள் ஆடவிட்டதில்லை.

இன்றைக்கு,
தேறியவர்கள் அடித்துக் காட்ட ஓர் ஆள் குறைந்தது.
"ஏம்மா மலைக்காரப் பொண்ணு,
சும்மா நின்னு பந்து தூக்கிவிடு."
நின்றாள்.
இடது பக்கம் பார்த்தாள், பந்து முதுகுக்குப் பின்னால் போயிற்று.
தடுக்க வந்த இரண்டு பேர்
யாருமில்லாத இடத்தில் எம்பிக் குதித்தார்கள்.
அடுத்த முறை நிஜமாகவே இடது.
அப்போதும் அவர்கள் வலதில்.
பந்து அவள் விரலில் தங்கிய நேரத்தை
எந்த நாடாவால் அளப்பது?
அவள் தூக்கிய பந்தை அடித்து
நான்கு பேர் தேர்வானார்கள்.
கைதட்டினோம், அந்த நான்கு பேருக்கு.

ஆலை டாக்டர் ஒருமுறை சொன்னது:
படுத்தெழுந்ததும் மனுஷர் ஒரு சென்டிமீட்டர் கூடுதல்;
நிற்க நிற்க முதுகெலும்பு அமுங்கும்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள்.
பட்டியலில் மலை ஊர்கள் எப்போதும் கடைசி.
ஒன்பதிலிருந்து வரிசையில்.

செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள்:
"அண்ணா, அடுத்த வருஷம் காலைலயே அளப்பீங்களா?"
அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பேனா என் கையில்தான் இருந்தது.
மூன்றை நான்காக்க எவ்வளவு மை ஆகும்.
ஆக்கவில்லை. பழக்கம் விடவில்லை.
புள்ளி இரண்டுக்குப் பக்கத்தில்
'மாலை 4.40' என்று மட்டும் எழுதினேன்.

"இது எதுக்கு?" என்றார் கோச்.
ஏற்காடு பஸ் ஹார்ன் அடித்தது.
அவள் ஓடினாள்.