இடுப்பளவு உயரம்

குலுக்கிப் பார்க்கிறேன்.
பேசினால் திரும்பப் பிரிக்க வேண்டும்.

ஆவாரம்பாளையம், லேத்துப் பட்டறைக்கு மேல்மாடி.
கீழே இரும்பு சீவுகிற சத்தத்தில்
பெட்டிக்குள் கல் முனகுவது கேட்காது.
அதனால் அட்டையில் காதை ஒட்டிக்
கேட்கப் பழகிவிட்டேன்.

ரெண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர்.
கண்ணாடி டம்ளர் என்றால் வெளியே இருப்பவர்களுக்குப் பயப்பட்டால் போதும்.
இதில் உடைக்கிறவனும் உடைகிறவனும்
ஒரே பெட்டியில் பயணம் போகிறார்கள்.
லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால்
கல்லுக்கு ஒன்றும் ஆகாது.
மூடி போய்விடும். டிரம் நெளிந்துவிடும்.
ஊர் போய்ச் சேரும்போது கல் மட்டும்
ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஆகவே முதலில் கல்லைக் கழற்றணும்.
துணி சுற்றித் தனி அட்டையில் படுக்க வைக்கணும்.
மூலையில் சுண்டுவிரல் நுழைந்தாலும் இடம் அதிகம்.
பெட்டிக்கு எட்டு மூலை.
எந்த மூலையில் விழப்போகிறேன் என்று
எந்தப் பெட்டியும் சொல்லிவிட்டுப் போவதில்லை.

டேப்பின் கடைசி நுனியை மடித்து ஒட்டுவேன்,
பிரிக்கிறவர் நகத்தால் தேட வேண்டாம் என்று.
'இந்தப் பக்கம் மேலே' அம்புக்குறியும் ஒட்டுவேன்,
ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே,
சாமிக்குச் சூடம் காட்டுகிற மாதிரி.

பிறகு இடுப்பளவு தூக்கிக்
கையை விட்டுவிடுவேன்.

முதல் நாள் சென்னிமலை முதலாளிக்கு முகமே வெளுத்துவிட்டது.
"ஏனம்மிணி, காசு போட்டுச் செஞ்ச சாமானம்மிணி அது!"
"இங்கயே விழட்டுங்க. அக்கட்டால போயி விழுந்தா
போக வரக் கூலி யாருங்க குடுக்கறது?"
இப்போது ஆள் வந்தால் அவரே போட்டுக் காட்டுகிறார்.

ஆவணியில் ஒன்று திரும்பி வந்தது.
ஒடியா எழுத்து. பட்டறைப் பையன் பிகாஷைக் கூப்பிட்டேன்.
"பலாங்கிர் பக்கம்க்கா. குந்தளா மெஹெர்."
குலுக்கினேன்.
பேசவில்லை.
உடையாததை எதற்குத் திருப்பினார்கள் என்று
கொஞ்சம் எரிச்சலோடுதான் அறுத்தேன்.

உள்ளே என் டேப்பு. நுனி மடித்தது.
தள்ளுபடி விற்பனை வாரம், ஒரே நாளில் அறுபத்திரண்டு பெட்டி,
கல்லைக் கழற்றாமல் அனுப்பியது நான்தான்.
வேறு யார் மேலும் சொல்ல முடியாது.

மூடி பதினொரு துண்டு.
பதினொன்றையும் தனித்தனியே
செய்தித்தாளில் சுற்றியிருந்தார்.
கல்லுக்கு ஒரு பழைய பாவாடைத் துணி.
எட்டு மூலைக்கும் வைக்கோல்,
சுண்டுவிரல் நுழையவில்லை.
கயிறு, ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு.

"உடைஞ்சதுக்கு எதுக்கம்மிணி இத்தன பந்தோபஸ்து?"
முதலாளி கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.
ஒரு துண்டைத் திரும்பவும் அதே மடிப்பில்
சுற்றிப் பார்த்தேன்.
எனக்கு வரவில்லை.

இன்று அவருக்கு மாற்று போகிறது.
கல் தனி. மூடிக்கு இரட்டை அட்டை.
மூலைகளுக்கு அவர் அனுப்பிய வைக்கோலையே வைத்தேன்,
குறைந்த இடத்தில் மட்டும் நம் தெர்மாகோல்.
துவைத்து மடித்த பாவாடைத் துணி மேலாக.

இடுப்பளவு தூக்கி
விட்டேன்.

அதே நேரம் கரண்ட் போனது.
லேத்து நின்றது. காற்றாடி நின்றது.
அட்டையில் காதை வைக்காமலே
நின்ற இடத்திலிருந்து கேட்டேன்.

வாசலில் கூரியர் வண்டி ஹாரன் அடிக்கிறது.
இருங்க தம்பி,
அம்புக்குறி மட்டும் பாக்கி.