விக்கல்

வெள்ளிக்கிழமை புல் வெட்டுமுன்
லமார் டீக்கின்ஸின் கல்லறையைத் துப்புரவாக்க வேண்டும்.
கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லைகள்,
இந்த வாரம் நாற்பத்தொன்று.
பொறுக்காமல் விட்டால் கத்தியில் பட்டுத் தெறிக்கும்;
ஒன்று என் முழங்காலில் தழும்பாக இருக்கிறது.
அப்புறம் உதட்டுச்சாயம்.
அவன் பெயரின் இரண்டாம் எழுத்தில்தான் எப்போதும்,
ஏனென்று தெரியவில்லை.

இரண்டு கல் தள்ளி பாஸ்டர் வெர்னன் ஹாக்.
அவன் இசைத்தட்டுகளைத் தேவாலய வாசலில் குவித்து
பெட்ரோல் ஊற்றியவர்.
ஆர்கன்சாவில் மழை பெய்தால் இந்த மேடு சேறு.
எல்லோரும் அவர்மேல் ஏறித்தான் அவனிடம் போகிறார்கள்.

இருபத்துமூன்று வயது. நனைந்த சாலை.
எனக்கு அறுபத்தாறு. அவன் பாட்டு
எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை.
அந்தப் பேர்பெற்ற விக்கல்,
குரல் படியேறும்போது தடுக்குமே, அது
கடைவாய்ப்பல் வலி என்பாள் கிளெட்டா,
பதிவன்று கிராம்புத் தைலம் வாங்க ஓடியவள்.
டேப் விலை அதிகம், இன்னொரு தடவை பாட விடவில்லையாம்.

நேற்று ஒசாகாவிலிருந்து ஒரு பையன்.
பல்லெல்லாம் நேர்வரிசை, பால்வெள்ளை.
கல்லுக்கு முன் முட்டிபோட்டு
விக்கலை மட்டும் பாடிப் பார்த்தான்.
வரவில்லை.
மறுபடி. வரவில்லை.
பல்லைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம்.

இயந்திரத்தின் கயிற்றை இழுத்தேன்.
முதல் இழுப்பு வீண். இரண்டாவதில்
விக்கி, ஒரு கணம் நின்று, பிடித்துக்கொண்டது.
பையன் சட்டென்று திரும்பினான்.
ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான்:
இன்னொரு தடவை.

மணி பதினொன்று. இன்னும் பாதி மேடு பாக்கி.
இயந்திரத்தை நிறுத்திவிட்டு
மறுபடி இழுத்தேன்.