நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து

உரிகத்துக்கு அப்பால், தார் முடிகிற இடத்தில்
வண்டியை நிறுத்தி ட்ரோன் பையைத் தோளில் மாட்டினேன்.
ஒப்பந்தக் கூலி. வயலுக்கு நூற்றெண்பது ரூபாய்.

யானை வந்துபோய்ப் பதினேழு நாள்.
கேழ்வரகுக் கதிரை உருவித் தின்று
மிச்சத்தை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது.
ஊடே போட்ட அவரை சும்மா இருக்குமா?
காலியான இடமெல்லாம் கொடி ஓட்டி
நடந்ததை மூடிவிட்டது.

மேலே போய் விர்ரென்று நாலு சுற்று.
திரை சொன்னது:
பசுமைப் பரப்பு தொண்ணூற்றொரு சதவீதம்.
சேதம் இல்லை.

முனிரத்தினம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"என் நெலந்தான். அழகாத்தான் இருக்கு."
கொஞ்ச நேரம் கழித்து,
"ஏம்ப்பா, இதுக்குக் குனியத் தெரியாதா?"

போன வருசம் வந்தவருக்குத் தெரிந்திருந்தது.
குனிந்து பார்த்தார், ஐந்நூறு வாங்கினார்,
அரை ஏக்கரை ஒரு ஏக்கர் என்று எழுதினார்.
"இது காப்பிகூடக் கேக்கல" என்றாள்.
பாராட்டா, குறையா, தெரியவில்லை.

நான் குனிந்தேன்.
இலையை விலக்கினால் முறம் அகலத்துக்கு ஒரு குழி,
உள்ளே போன வாரத்து மழைத்தண்ணி,
அதில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும் தவளை.
கைபேசியில் பதினோரு படம்.
செயலி ஒன்றையும் ஏற்கவில்லை:
அனுமதிக்கப்பட்ட உயரத்தில் எடுக்கப்படவில்லை.

கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.
யாரும் படிப்பதில்லை என்று பயிற்சியிலேயே சொன்னார்கள்.
எழுதினேன்:
மேலே தெரிவது அவரை. போனது கேழ்வரகு. இறங்கி நடந்து பார்க்கவும்.
புள்ளியைக்கூட ஓர் எழுத்தாக எண்ணுகிறது அது.
'தயவுசெய்து'வுக்கு இடம் போதவில்லை.

ஆறரைக்கு அவளுடைய பட்டன் போன் இரண்டு தரம் அதிர்ந்தது.
நான்தான் படித்துக் காட்டினேன்.
முதலாவது மனு எண், பரிசீலனையில்.
அடுத்தது வனத்துறை:
ஒன்பது யானைகள், ஊருக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டர்.

"இது மட்டும் தப்பாம வந்துடும்.
அன்னிக்கும் வந்துச்சு. புள்ளைங்கள உள்ள தள்ளிக் கதவச் சாத்தினேன்.
நெலத்த எங்க தள்றது?"

தகர டின்னும் டார்ச்சும் எடுத்துக்கொண்டாள்.
"நீ கெளம்பு, இருட்டிடும்.
அத மட்டும் விட்டுட்டுப் போயேன்,
ராத்திரிக்கு மேல நின்னு காவல் பாக்கட்டும்."

பேட்டரி பதினாலு சதவீதம் என்று சொல்ல
கூச்சமாக இருந்தது.