இருபத்தேழாம் எண்

லான்ஜோவில் விடியுமுன் கதவைத் திறக்கிறேன்.
நாற்பது மூக்குகள் கம்பிகளுக்கிடையே.
குடிநீரில் கரைத்திருப்பது ஒரு சர்க்கரை,
கந்தகம் கோத்த நீளச் சங்கிலி.
ஐந்தாம் நாளே வால் அடியில் ரத்தம்;
குடலின் உட்தோல் உரியத் தொடங்கிவிடும்.

மருந்தும் சர்க்கரைதான்.
டிங்ஷி மேட்டுநிலத்தில் தோண்டிய ஹுவாங்ச்சி வேர்.
சுண்டக் காய்ச்சிச் சாராயம் ஊற்றினால்
கலங்கி, திரண்டு,
நனைந்த பஞ்சாய் அடியில் படியும்.
அதை அறுக்க வயிற்றுக்குக் கத்தி இல்லை.
செரியாமலே இறங்கிப் போகிறது பெருங்குடலுக்கு.
அங்கே கோடிக் கிருமிகள்
பந்தி அமர்ந்து பிய்த்துத் தின்னும்.
அவற்றின் எச்சில்தான்
குடற்சுவருக்குச் சோறு.

போன மாதத் தொகுதியை அறுத்து அளந்தேன்:
மருந்தில்லாக் குடல் ஐந்து புள்ளி ஆறு சென்டிமீட்டர்,
வேர் குடித்தது ஏழு புள்ளி ஒன்று.
ஒன்றரை சென்டிமீட்டர்.
என் கட்டைவிரல் நகம்.
அவ்வளவுதான் எங்கள் நல்ல செய்தி.

யூன்ஷெங் பேருந்து ஓட்டுகிறான்.
அவன் வரைபடத்தில் கோயில் இல்லை, பூங்கா இல்லை,
கழிப்பறைகள் மட்டும்:
பாலத்தடியில் ஒன்று, சந்தைக்குப் பின்னே ஒன்று,
பிறகு ஆற்றோரமாக
எதுவுமே இல்லாத பதினொரு நிமிடம்.
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்பார்களே,
அதைக் கட்டிக்கொண்டுதான்
அறுபது பேரைக் கரை சேர்க்கிறான்.

"என் எடைக்கு எத்தனை கிராம்?" என்று கேட்டான் ஒருநாள்.
எலிக்கும் உனக்கும் நேர்க்கோடு கிடையாது என்றேன்.
டப்பாவில் நான்கு கிராம் மிச்சமிருந்தது அப்போது.
அதை நான் சொல்லவில்லை.

இன்று ஏழாம் நாள்.
மருந்தில்லாத கூண்டில், இருபத்தேழு,
எடை குறையவில்லை, ரத்தம் இல்லை.
அதே தண்ணீர், அதே தீனி.
பேராசிரியர் பாய் மறுபடி நிறுக்கச் சொன்னார்.
நிறுத்தேன். இருபத்து மூன்று புள்ளி ஆறு.
தராசில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.
"அட்டவணையில் இருக்கட்டும்" என்றார்,
விளக்கம் எதுவும் இல்லாமல்.

இரவு, நூடுல்ஸ் ஆறும் நேரத்தில்,
ஏழு புள்ளி ஒன்றைப் பற்றிச் சொன்னேன்.
தலையாட்டினான்.
இருபத்தேழைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தான்.
"அது என்ன தின்றது?"
ஒன்றுமில்லை.
"ஒன்றுமே இல்லையா?"
இல்லை.

கொஞ்ச நேரம் குழம்பையே பார்த்திருந்தான்.
"நாளைக்கு அதையும் அறுப்பீர்களா?"

அளக்க வேண்டுமே, என்றேன்.