ஏழு கிணறு, ஐந்து கோடு

பெட்டிக்குள் ஏழு பெயர் இருக்கிறது.
படத்தில் எண்ணினால் ஐந்து கோடுதான்.
"மிச்சம் ரெண்டும் வத்திப்போச்சோ?" என்று
கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார் துறைத்தலைவர்,
சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றும் போட்டு.

வத்தவில்லை சேர்.
கன்னியாவில் ஏழும் இருந்தபடி இருக்கின்றன.
நானும் பஸ்மியாவும் விடிய ஐந்து மணிக்கு
கயிற்றில் கட்டி இறக்கிய வெப்பமானிகள்
பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு எண் சொல்லின.
மூன்று நாள். ஏழு நிரல்.
லூப்புக்குள் போட்டேன். அது
ஒன்றின்மேல் ஒன்றாய் ஏழுதரம் பேனா வைத்தது.
கடைசியாய் வந்தவன் மேலே.
கீழே கிடந்தவன் இல்லையென்றே ஆகிவிட்டான்.

பஸ் நிலையத்துப் பலகையிலும் அப்படித்தான்.
புதுப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய ஊர்ப்பெயர்
பின்னேர வெயில் சரிந்து விழுந்தால் மட்டும் புடைக்கும்.

உவர்மலையில் வாடகை அறை. கரண்ட் போய் வந்தது.
சன்னலுக்குக் கீழே துறைமுகம்.
சீமெந்துக் கப்பலின் விளக்கும்
அதற்குப் பின்னால் நின்றதன் விளக்கும்
ஒரே விளக்கு.

முதலில் அல்பாவைக் குறைத்தேன், புள்ளி நான்கு.
நீலமும் சிவப்பும் ஊறி
நாவற்பழக் கறைபோல எட்டாவது கிணறு ஒன்று முளைத்தது.
அழித்தேன்.

பிறகு தடிப்பு. முதல் வரைவது பன்னிரண்டு,
அதன்மேல் பத்து, பிறகு எட்டு,
மெலிந்து மெலிந்து ஏழாவது வெறும் நூல்.
எல்லாம் தெரிந்தது,
சேலைக்குக் கீழே தெரியும் உட்பாவாடைக் கரை மாதிரி.
பஸ்மியா எட்டிப் பார்த்தாள்:
"முதல் கிணத்துக்கு மட்டும் என்ன இவ்வளவு பெரும?"

சரி, துண்டுக்கோடு.
ஐந்து வரை, ஐந்து விடு,
விட்ட இடத்தில் கீழே உள்ளது மூச்சு விடட்டும்.
நான்கு தெரிந்தது. ஆறு தெரிந்தது. நான்கு. ஆறு.
றோட்டின் ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டால்
பொலிஸ்காரர் கைகாட்டி மாறி மாறி விடுவாரே, அதுபோல.
இருப்பது தெரிந்தது. வித்தியாசம் தெரியவில்லை.

குறுக்குவழி ஒன்று இருந்தது.
ஆறாவது நிரலோடு இரண்டைக் கூட்டு. அவ்வளவுதான்.
ஆருக்குத் தெரியும்?
தட்டியும் பார்த்தேன். கோடு எழும்பித் தனியே நின்றது.
அழகாய்த்தான் இருந்தது.
"அத எடு," என்றாள் பஸ்மியா
ஈரத் தலையைத் துவாயால் அடித்துக்கொண்டே.
"ரெண்டு பாகை கூட எண்டு எழுதினா
நாளைக்கு ஆராவது கை வெச்சிப் பாப்பாங்க."

எடுத்தேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.
ஐம்பது பாகை உயரமான ஒரு வெள்ளைச் சுவரில்
ஏழு மயிரிழைகள்.

சராசரியைக் கணித்து ஏழிலிருந்தும் கழித்தேன்.
இரவெல்லாம் ஏழும் ஒரு கயிறாய் முறுக்கிக் கிடந்தன.
போயா நாள் காலை ஒன்பது இருபதுக்குக்
கயிறு அவிழ்ந்தது.

ஒன்பது இருபது முதல் பஸ். வாளிகள்.
அனுராதபுரத்துப் பள்ளிப் பிள்ளைகள், மூதூர்க் குடும்பம் ஒன்று,
கண்ணாடியைக் கழற்ற மறந்து தலையில் ஊற்றிய ஒரு மாமா.
அள்ள அள்ள நான்கு ஆறிப் போனது.
அள்ள அள்ள ஆறு சூடானது.
பின்னேரம் மழை வந்து சனம் ஒதுங்கும் வரை
இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை.

அந்த ஆறு மணித்தியாலத்தை மட்டும் வெட்டி எடுத்து,
பெயர்ப்பெட்டியைத் தூக்கிவிட்டு,
ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் அதன் எண்ணை எழுதி
அனுப்பினேன்.

உடனே பதில்: "மற்ற நேரத்தில்?"

மற்ற நேரத்தில் எங்களுக்கும் தெரியாது சேர்
என்று எழுதி, அழித்து,
துண்டுக்கோட்டுப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

சன்னலைச் சாத்தப் போனபோது விளக்கு இரண்டு.
கப்பல் அசைந்திருக்கவேண்டும்.
அல்லது நான் மேசையை விட்டு
எழும்பி வந்ததாலோ.