லோக்கல் ஆஃப்

இந்தக் கேபிளில் ஒலி போவதில்லை.
எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எப்போது விட்டாய்,
அவ்வளவுதான் போகிறது.
முனையில் ஐந்து ஊசி. மூன்றுக்குத்தான் வேலை.
மற்ற இரண்டும் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் மாதிரி
சும்மா நிற்கின்றன.

பெட்டியை ரெட்டியார்பாளையத்தில் வாங்கினேன்.
ரிசப்ஷன்களில் வாசித்த செலஸ்தேன் என்பவர்
ஐந்தாயிரம் சொல்லி நாலாயிரத்துக்கு இறங்கினார்.
அடாப்டர் தொலைந்துவிட்டதாம்.
கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
"செட்டாப் பாக்ஸா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.
தென்பெண்ணைப் பாலம் தாண்டும்வரை
லக்கேஜ் கேட்பாரோ என்றொரு பயம்.

உள்ளே அவர் அழிக்காமல் விட்ட பெயர்கள்:
மழை 2. சர்ச் வேணாம். லூர்து பழசு.
பியானோவில் நாற்பதைக் கேட்டால்
பெட்டி நாற்பத்தொன்றைத் தருகிறது.
ஒன்று பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது,
மற்றது ஒன்றிலிருந்து.
யார் முதலில் ஆரம்பித்தது என்று
நானும் அரிபுத்திரனும் எண்ணுவது போல.

பியானோ உள்ளறையில்.
பெட்டியும் ஸ்பீக்கரும் ஹாலில்;
இந்த மஞ்சக்குப்பம் வீட்டில்
உருப்படியான பிளக் பாயின்ட் அங்கேதான்.
லோக்கல் ஆஃப் போட்டதும்
கட்டைகளுக்கும் பியானோவின் சொந்தத் தொண்டைக்கும்
உறவு அறுந்துவிடும்.
என் பக்கம் டொக், டொக், மின்விசிறி.
வயலின்கள் எல்லாம் இறங்குவது
அவன் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில்.

சிப்காட்டிலும் எனக்கு இதே பிழைப்பு.
இங்கே பட்டனைத் தொட்டால்
முந்நூறு மீட்டர் தள்ளி வால்வு திறக்கும்.
திறந்தேன் என்று பச்சை விளக்கு வரும்.
இந்தக் கேபிளுக்குப் பதில் கொண்டுவரத் தெரியாது.

மூன்று நாளாகப் பேச்சில்லை.
காரணம் வாஷிங் மெஷின் தவணை.
அதற்கு அடியில் வேறொன்று.

ஞாயிறு ராத்திரி
ரசம் எடுக்கப் போனவன் காலில் கேபிள் மாட்டிப்
பிடுங்கிக்கொண்டது.
கட்டையிலிருந்து நான் விரலை எடுத்தது
சரியாக அதற்குப் பிறகு.
விட்டேன் என்பதையும் இந்த மொழியில்
தொட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்,
வேகம் பூஜ்யம் என்று சேர்த்து.
அந்தப் பூஜ்யம் போய்ச் சேரவில்லை.

ஹாலில் ஒரு செல்லோ நிற்காமல் இழுக்கிறது.
என் கைகள் மடியில் இருக்கின்றன.

"ஏய். உன்னது கத்திக்கிட்டே இருக்கு."
"நான் எப்பவோ விட்டுட்டேன்."
"இங்க வரல."

மூன்று துளையில் எது என்று கேட்டான்.
இன் என்றேன். அவுட்டில் சொருகினான்.
மறுபடி சொன்னேன், மறுபடி சொருகினான்.
நிற்கவில்லை. நிற்காது;
தவறிய செய்தி தவறியதுதான்.
அதே கட்டையை இன்னொரு முறை தொட்டு விட வேண்டும்.

எந்தக் கட்டை என்பது எனக்கு நினைவில்லை.
கதவுக்கு இந்தப் பக்கம் வெறும் முனகல்,
ஸ்வரம் பிடிபடவில்லை.

அவன் முனகிக் காட்டினான்.
கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
அவன் ஒரு வரி பாடிக் கேட்டதில்லை.
சுருதி அங்கும் இங்கும் அலைகிறது,
துறைமுகத்துக்குள் வரத் தெரியாத படகு போல.

சுவிட்சை அணைத்தால் தீர்ந்தது.
அவனுக்கும் தெரியும்.

ஒரு கட்டையை அழுத்தினேன். டொக்.
"இது இல்ல."
பக்கத்துக் கட்டை.
"இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ."